லிட்டரரி ஏஜெண்ட்: தரகரா, முகவரா?

ஆங்கிலப் புத்தக உலகில் எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்திடம் பேசுபவர் லிட்டரரி ஏஜெண்ட். கைப்பிரதியை யார் வாங்குவார்கள் என்று அறிந்து கொண்டுபோய்க் கொடுப்பார். முன்பணம், ராயல்டி, மொழிபெயர்ப்பு உரிமை, திரைப்பட உரிமை எல்லாவற்றையும் பேசி முடிப்பார். புத்தகம் விலைபோனால்தான் அவருக்குக் காசு. உள்நாட்டு விற்பனைக்குப் பெரும்பாலும் 15 விழுக்காடு, வெளிநாட்டு உரிமைகளுக்கு 20. கைப்பிரதியைப் படிப்பதற்கே கட்டணம் கேட்டால் அந்த ஆளை விட்டு விலகிவிடுவது நல்லது.

ஏஜெண்ட் என்ற சொல்லுக்கு வேர் ‘அகெரே’ என்ற லத்தீன் வினை. செய்தல், ஓட்டிச்செல்லுதல் என்று பொருள். ஆக்டர், அஜெண்டா எல்லாம் அதே வேரில் வந்தவைதான். இதைத் தொழிலாக்கியவர்களில் முன்னோடி என்று ஏ. பி. வாட்டைச் சொல்வார்கள். 1870களின் பிற்பகுதியில் லண்டனில் தொடங்கினார், கமிஷன் 10 விழுக்காடு. கிப்ளிங்கும் கோனன் டாயிலும் அவரிடம் இருந்தார்கள். பதிப்பாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1893இல் பதிப்பாளர் வில்லியம் ஹைனமன் இந்த இடையாள் ஓர் ஒட்டுண்ணி என்றே எழுதினார். அதுவரை எழுத்தாளரை நேரில் உட்காரவைத்து விலை பேசியவர் அவர், எரிச்சல் வராமல் இருக்குமா!

ஒருவரை ஏற்பதா வேண்டாமா என்று ஏஜெண்ட் எப்படி முடிவு செய்கிறார் என்பதைப் பார்த்தால் சொல்லின் பொருள் இன்னும் தெளியும். பிரிட்டனில் ஓர் அறிமுகக் கடிதம், கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள் அனுப்புவது வழக்கம். புனைவு என்றால் முழு நாவலும் எழுதி முடிந்திருக்க வேண்டும். அபுனைவுக்குப் பல நேரம் திட்ட வரைவும் மாதிரி அத்தியாயமும் போதும். எழுத்து நன்றாக இருந்தால் மட்டும் ஆகாது. இதை வாங்கக்கூடிய பதிப்பாசிரியரை எனக்குத் தெரியுமா, இதே மாதிரி எழுதும் ஒருவர் ஏற்கெனவே என்னிடம் இருக்கிறாரா, அடுத்த புத்தகமும் இவரால் எழுத முடியுமா என்றெல்லாம் யோசிப்பார். விற்கும்வரை சம்பளமில்லாத வேலை. மனசுக்குப் பிடிக்காத பிரதியைப் பத்துப் பேரிடம் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. அதனால்தான் ‘நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கானது இல்லை’ என்று கடிதம் வருகிறது. எழுதியவருக்குச் சப்பைக்கட்டாகத் தெரிந்தாலும் அதில் உண்மை உண்டு.

கேட்காமலே வந்து குவியும் பிரதிகளை ‘ஸ்லஷ் பைல்’ என்பார்கள்; ஸ்லஷ் என்றால் பாதி உருகிய சேற்றுப் பனி. ஜே. கே. ரௌலிங் ஹாரி பாட்டரின் முதல் அத்தியாயங்களை அனுப்பிய கிறிஸ்டோபர் லிட்டில் என்ற ஏஜெண்டின் நிறுவனம் அப்போது குழந்தை நூல்களைக் கையாளவே இல்லை. ஒதுக்கிய கட்டிலிருந்து அலுவலக ஊழியர் ஒருவர் அதை எடுத்துப் படித்தார், பிடித்துப்போனது, மீதியை வரவழைத்தார். அதற்குப் பிறகும் பல பதிப்பகங்கள் மறுத்தன. ஏஜெண்ட் விடாமல் அனுப்பிக்கொண்டிருந்ததால் புளூம்ஸ்பரி பதிப்பகம் ஏற்றுக்கொண்டது. 1997இல் புத்தகம் வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? தரகர் என்று சொல்லத் தோன்றும். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல்பிடித்து விலை பேசுகிற தரகர் வாங்குபவர், விற்பவர் இருவரிடமும் தரகு வாங்குவார். வியாபாரம் படிந்தால் சரி. ஏஜெண்டுக்கு ஒரே பக்கம்தான், எழுத்தாளர் பக்கம். பிரதிநிதி என்பது பொருந்தும், ஆனால் விற்பனைப் பிரதிநிதி ஏற்கெனவே அந்தப் பெயரில் வாசல்மணி அடித்துக்கொண்டிருக்கிறார்.

மிஞ்சுவது முகவர். காப்பீட்டு முகவர் கமிஷன் வாங்குவது நிறுவனத்திடம் என்பதால் அந்த நினைப்பு கொஞ்சம் இடிக்கும். வாக்குச்சாவடி முகவரை எண்ணிப் பாருங்கள்: ஒரு வேட்பாளருக்காக, அவர் முகமாக, அங்கே உட்கார்ந்திருப்பவர். ஒருவரே இரண்டு கட்சிக்கு உட்கார முடியாது. ஆகவே இலக்கிய முகவர் என்பதே என் தேர்வு. சமையல் நூலையும் வாழ்க்கை வரலாற்றையும் விற்பவரை இலக்கிய முகவர் என்பதா என்று கேட்டால், எழுத்தாளர் முகவர் என்றும் சொல்லலாம். ஏஜென்சிக்கு முகமை, ‘மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை’ என்று அரசுப் பலகையிலேயே பழகிய சொல்.

கமிஷனைக் ‘கழிவு’ ஆக்க வேண்டாம். தமிழ்ப் பதிப்பகத்தில் கழிவு என்றால் கடைக்காரருக்குக் கொடுக்கும் தள்ளுபடி. கமிஷன் கமிஷனாகவே இருக்கட்டும்.