தேய்மானம் சரி, அமார்ட்டைசேஷனுக்கு என்ன தமிழ்?

ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி. முதலாளியை நாங்கள் எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் லாப நட்டக் கணக்கைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஷேவிங் மிஷின் சிங்கம் மாதிரி ஓடுது. நீ என்னடான்னா வருசா வருசம் தேய்மானம், தேய்மானம்னு போட்டு அதைச் சாகடிச்சிட்டே வர்றியே?"

"மிஷின் தேயுது இல்லையா பாய், அதைத்தான் எழுதுறோம்" என்றேன். அது தப்பான பதில். அவர் நேராக மிஷின் முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். "எங்க தேஞ்சிருக்கு, காட்டு." தோலை ஒரே கனத்துக்குச் சீவும் மிஷின் அது. பிளேடு தேய்ந்திருந்தது, உண்மை. ஆனால் பிளேடு மாற்றும் செலவு ரிப்பேர் கணக்கில் தனியாக ஏறிவிட்டது. மற்றபடி தேய்ந்தது என்று விரல் வைத்துக் காட்ட ஒன்றும் இல்லை. எண்ணெய்க் கையோடு திரும்பி வந்தேன்.

தேய்மானம் என்ற சொல்லில் உள்ள சிக்கல் அன்றுதான் புரிந்தது. சொல் அவ்வளவு தெளிவாக இருப்பதால், அதற்குள் வேறு அர்த்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

தேய் என்பது பழைய வினை. உராய்ந்து உராய்ந்து சிறுத்துப்போவது. செருப்பு தேயும், அம்மி தேயும், நிலா தேயும். நற்றிணை 284-ஆம் பாட்டில் இரண்டு யானைகள் எதிரெதிராகப் பிடித்து இழுக்கும் 'தேய்புரிப் பழங்கயிறு' வருகிறது. புரி தேய்ந்த பழைய கயிறு. பாடியவர் பெயர் தெரியாததால், அந்தத் தொடரையே பெயராக்கித் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று அழைத்துவிட்டார்கள். குறளில் இன்னும் நெருக்கமான பயன்பாடு இருக்கிறது. துன்பம் தாங்காமல் அழுதவர்களின் கண்ணீர்தான் 'செல்வத்தைத் தேய்க்கும் படை' என்கிறது 555-ஆம் குறள். ஆக, பொருள் மட்டுமில்லாமல் செல்வமும் தேயும் என்ற எண்ணம் தமிழுக்குப் புதிதில்லை.

பின்னால் ஒட்டியிருக்கும் மானம், மானம் மரியாதை என்கிறோமே, அந்த மானம் இல்லை. (நட்டத்தில் ஓடும் கம்பெனிகளில் இரண்டும் ஒன்றாகத் தெரிவது வேறு விஷயம்.) வினையைப் பெயராக்கும் விகுதி அது. வருமானம், பெறுமானம், கட்டுமானம், மருந்துக்கடைச் சேர்மானம் எல்லாம் இந்த வகை. அடமானமும் அப்படித்தான், அடைமானம் என்பதன் பேச்சு வடிவம். அடமானத்தை நினைவில் வையுங்கள், பிறகு வேலை இருக்கிறது. எங்கள் பக்கம் பேச்சில் தேய்மானமும் 'தேமானம்' ஆகிவிடும்.

தேய்மானத்துக்கு ஆங்கிலத்தில் டிப்ரிசியேஷன். அந்தச் சொல்லுக்கு உராய்வோடு சம்பந்தமே இல்லை. லத்தீனில் 'டே' என்றால் கீழே, 'ப்ரெடியும்' என்றால் விலை. விலை இறங்குவது. அதனால்தான் ரூபாய் மதிப்பு சரிந்தாலும் அவர்களுக்கு டிப்ரிசியேஷன், லாரி பழசானாலும் டிப்ரிசியேஷன். நாம் ரூபாய்க்குச் 'சரிவு', லாரிக்குத் 'தேய்மானம்' என்று பிரித்துக்கொண்டோம். நல்ல காரியம். இலங்கையில் 'பெறுமானத் தேய்வு' என்கிறார்கள். தேய்வது இரும்பு இல்லை, அதன் பெறுமானம் என்று சொல்லிலேயே சொல்லிவிடுவதால் என் கணக்கில் அது நம்முடையதைவிட ஒரு படி மேல்.

ஆனால் கணக்கு எழுதுகிறவன் செய்வது உராய்வை அளப்பதும் இல்லை, சந்தை விலையைப் பார்ப்பதும் இல்லை. அவன் ஒரு பெரிய செலவைப் பல வருடங்களுக்குப் பங்கு போடுகிறான், அவ்வளவுதான். பாயின் மிஷினையே எடுத்துக்கொள்வோம். விலை 12 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய வருடமே 12 லட்சத்தையும் செலவாக எழுதினால் அந்த வருடம் பொய்யாக நட்டம் காட்டும், அடுத்த 14 வருடமும் மிஷின் இலவசமாக உழைத்தது போலப் பொய்யாக லாபம் காட்டும். கம்பெனிகள் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணை இந்த மாதிரிப் பொது இயந்திரங்களுக்கு 15 வருட ஆயுள் கொடுக்கிறது. கடைசியில் காயலான் கடைக்குப் போடும்போது கிடைக்கும் எச்ச மதிப்பு பொதுவாக விலையில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 60,000 போக 11,40,000. அதை 15-ஆல் வகுத்தால் வருடத்துக்கு 76,000. இரண்டு ஷிப்ட் ஓடினால் அந்தக் காலத்துக்குப் பாதி கூடுதல், மூன்று ஷிப்ட் என்றால் இரட்டிப்பு.

இந்த 76,000 யாருக்கும் போவதில்லை. மிஷின் வாங்கிய அன்றே பணம் போய்விட்டது. "யாருக்குக் குடுக்குற?" என்று பாய் கேட்டதும் இதைத்தான். ரொக்க ஓட்ட அறிக்கையில் லாபத்தோடு தேய்மானத்தைத் திரும்பக் கூட்டுவது இதனால்தான்.

ஆயுள் முடிவது உராய்வால் மட்டும் இல்லை என்பதையும் அந்த அட்டவணை காட்டிவிடுகிறது. மேசை நாற்காலிக்கு 10 வருடம், மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு 3 வருடம். கீபோர்டில் எழுத்துகூட அழிந்திருக்காது, ஆனால் வழக்கொழிந்துவிடும். நிலத்துக்குத் தேய்மானமே கிடையாது. மணல், கல் எடுக்கும் குவாரிக்கு வேறு கணக்கு. எடுக்க எடுக்கக் குறைவதால் எடுத்த அளவுக்குத் தக்கபடி எழுத வேண்டும். பாலாற்று மணலுக்கு மட்டும் அப்படி யாராவது ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தால் தேவலை.

'ரிப்பேர்தான் பார்க்கிறோமே, அப்புறம் என்ன தேய்மானம்' என்ற பாயின் வாதம் பழசு, பெரிய ஆட்களே வாதாடியது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து நின்றது நம் வடஆற்காட்டில்தான், இன்றைய வாலாஜா ரோட்டில். அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளில் பல, தண்டவாளம் தேய்ந்தால் மாற்றுகிறோம், கட்டை மக்கினால் புதுசு போடுகிறோம், பாதை அப்படியேதானே இருக்கிறது என்று சொல்லித் தேய்மானத்தைத் தள்ளியே வைத்தன. எங்கள் பாட்டியிடம் கேட்டிருந்தால் விளக்கியிருப்பாள். அம்மி வழுக்கினால் 'அம்மி கொத்தலியோ' என்று தெருவில் போகிறவரைக் கூப்பிட்டுக் கொத்திக்கொள்வாள். கொத்தினால் மசாலா மறுபடி நன்றாக அரையும். ஆனால் கொத்தக் கொத்தக் கல் பள்ளம் விழும், ஒருநாள் அம்மி போதும் என்று சொல்லிவிடும். கொத்துக்கூலி ரிப்பேர், கல் தேய்மானம். இரண்டும் இரண்டு செலவு.

பங்கு போடப் பரவலான வழி இரண்டு. பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு நேர்க்கோட்டு முறையும் குறைந்து செல் மதிப்பு முறையும் நினைவிருக்கும். முதலாவது தினசரி காலண்டர் மாதிரி, ஒரு நாளைக்கு ஒரு தாள். இரண்டாவது கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆவது. வருமான வரிக்கு இயந்திரங்களுக்கான பொது விகிதம் 15 சதவீதம், அதுவும் மீதியில்தான். அதே 12 லட்சத்துக்கு முதல் வருடம் 1,80,000, அடுத்து 1,53,000, அடுத்து 1,30,050. பதினைந்தாம் வருட முடிவிலும் சுமார் 1,04,800 ஒட்டிக்கொண்டு நிற்கும். மீதியில்தானே கழிக்கிறோம், அதனால் கட்டெறும்பு வரை வருமே தவிர ஒன்றுமில்லாமல் போகாது. பழமொழி சொன்னவர்கள் கணக்கும் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனிச் சட்டத்துக்கு ஒரு கணக்கு, வரிக்கு ஒரு கணக்கு என்று இரண்டு வைப்பது திருட்டுக் கணக்கு இல்லை என்பதையும் பாய்க்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, அமார்ட்டைசேஷனுக்கு வருவோம்.

சட்டம் சொல்லும் படிவத்தில் லாப நட்டக் கணக்கில் 'தேய்மானம் மற்றும் அமார்ட்டைசேஷன் செலவு' என்று இரண்டும் ஒரே வரியில்தான் வருகின்றன. செய்யும் வேலையும் ஒன்றே. தொட்டுப் பார்க்க முடிகிற சொத்தின் விலையைப் பங்கு போட்டால் தேய்மானம். சாஃப்ட்வேர் உரிமம், காப்புரிமை, விலை கொடுத்து வாங்கிய டிரேட்மார்க் போலத் தொட முடியாதவற்றின் விலையைப் பங்கு போட்டால் அமார்ட்டைசேஷன். சொல்லின் வேர் லத்தீனில் சாவைக் குறிக்கும் 'மோர்ஸ்'. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சாகடித்தல் என்பதுதான் நேர்ப்பொருள். இதைப் பல வருடம் கழித்துத் தெரிந்துகொண்டபோது ஷேவிங் மிஷின் முன்னால் நின்ற பாய் ஞாபகம் வந்தது. அகராதி பார்க்காமலே மனிதர் சரியான வார்த்தையைப் பிடித்திருந்தார்.

மார்ட்கேஜும் அதே வேர், செத்த ஈடு. கடனை அடைத்தால் ஈடு செத்தது, அடைக்காவிட்டால் கடன் வாங்கியவனுக்கு நிலம் செத்தது என்று பழைய ஆங்கிலேயச் சட்ட அறிஞர்கள் விளக்கம் கொடுத்தார்கள். நாம் அதை அடமானம் என்று சாதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அமார்ட்டைசேஷன் கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்வதற்கு ஆகி, பிறகுதான் சொத்துக் கணக்குக்கு வந்தது. வங்கியில் இன்னும் பழைய பொருள்தான். 10 லட்சம் வீட்டுக் கடன், 9 சதவீத வட்டி, 15 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 10,143 ரூபாய். முதல் மாதம் அதில் 7,500 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 2,643-தான். இந்த அட்டவணைக்கும் அமார்ட்டைசேஷன் என்றே பெயர்.

இங்கேதான் தமிழில் குழப்பம். 'கடன்தீர்ப்பு', 'தவணைத்தீர்வு' என்று எழுதுவதுண்டு. வங்கிக் கடனுக்கு இரண்டும் கச்சிதம். அதையே அப்படியே தூக்கி சாஃப்ட்வேருக்கும் போட்டால், கம்பெனி ஏதோ கடன் அடைத்தது என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்வார். 'போக்கெழுதுதல்' என்பது பாடப்புத்தகச் சொல், ஆனால் வாராக்கடனை ஒரே அடியாகத் தள்ளுவதற்கே அது பழகிவிட்டது. தேய்மானம் என்றே இரண்டுக்கும் எழுதலாம் என்பவர்களும் உண்டு. காப்புரிமை எதில் உராய்ந்து தேயும்?

எனக்குப் பிடித்தது கரைதல். கையில் இருந்த காசு கரைந்துவிட்டது என்கிறோம். கற்பூரம் யாரும் தேய்க்காமலே கரைகிறது. மானம் விகுதியைச் சேர்த்துக் 'கரைமானம்' என்று வைத்தால் தேய்மானத்துக்குப் பக்கத்தில் ஒரே வரியில் உட்கார வசதியாக இருக்கும்: தேய்மானமும் கரைமானமும். கடனுக்குத் தவணைத்தீர்வு, சொத்துக்குக் கரைமானம். இது என் யோசனை மட்டும்தான், ஆடிட்டரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கரைமானம் என்றதும் எனக்கு நினைவு வருவது பாயின் சிப்காட் மனை. தமிழக அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் நிலத்தை 99 வருடக் குத்தகைக்குத்தான் கொடுக்கிறது. நிலம் தேயாது என்று மேலே சொன்னேன். ஆனால் குத்தகை உரிமை கரையும். 49,50,000 கொடுத்து வாங்கியிருந்தால் வருடம் 50,000 கரைகிறது. மண் அங்கேயே இருக்கிறது, சுற்றுச்சுவர்கூட அங்கேயே இருக்கிறது, கரைவது அதில் உட்கார்ந்திருக்க நமக்குள்ள வருடங்கள். பெரிய கம்பெனிகள் பின்பற்றும் புதிய கணக்கியல் தரத்தில், 2019 ஏப்ரலிலிருந்து இதே குத்தகை உரிமைக்குத் தேய்மானம் என்றே பெயர் மாறிவிட்டது. அதே மனை, அதே 99 வருடம்.

கரையாத ஒன்றும் உண்டு, நற்பெயர். ஒரு கம்பெனியை அதன் சொத்து மதிப்புக்கு மேல் விலை கொடுத்து வாங்கினால், அந்தக் கூடுதல் தொகை நற்பெயராகக் கணக்கில் நிற்கும். பெரிய கம்பெனிகள் அதை வருடாவருடம் கரைப்பதில்லை. மதிப்பு இன்னும் இருக்கிறதா என்று வருடம் ஒருமுறை சோதித்து, போயிருந்தால் போன அளவுக்கு மொத்தமாக வெட்டுகிறார்கள். நல்ல லாபத்தில் இருந்த கம்பெனி திடீரென்று பெரிய நட்டம் காட்டினால் அந்த வெட்டா என்று பாருங்கள். வருமான வரியில் நற்பெயருக்குத் தேய்மானச் சலுகை 2021-இல் நின்றுவிட்டது.

ஆண்டறிக்கையைப் புரட்டுகிறவர்கள் 'தேய்மானம் மற்றும் அமார்ட்டைசேஷன்' என்ற அந்த ஒற்றை வரியோடு நிறுத்தாமல் பின்னால் உள்ள குறிப்புகளுக்குப் போக வேண்டும். மொத்த விலை ஒரு பக்கம், இதுவரை திரண்ட தேய்மானம் ஒரு பக்கம் இருக்கும். 100 கோடி இயந்திரத்தில் 85 கோடி ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்றால் சீக்கிரம் புது மிஷினுக்குப் பணம் தேட வேண்டியிருக்கலாம். ஆயுளை 10-லிருந்து 15 வருடமாக நீட்டியிருக்கிறார்களா என்பதும் அங்கேதான் தெரியும். ஆயுளை நீட்டினால் ஒரு ஜோடி செருப்புகூடக் கூடுதலாக விற்காமலே அந்த வருட லாபம் ஏறும். எபிட்டா என்று மேடையில் பெரிதாகச் சொல்வார்களே, அது வட்டி, வரி, தேய்மானம், கரைமானம் எதையும் கழிக்காத லாபம். டேனரி மாதிரி மிஷினை நம்பிப் பிழைக்கும் தொழிலில் அந்த எண்ணை மட்டும் பார்ப்பது, அம்மிக்கல் என்றைக்கும் தேயாது என்று சொல்வதற்குச் சமம்.

அடுத்த வருடக் கணக்கில் பாயிடம் கையெழுத்து வாங்கப் போனபோது சிப்காட் மனைக்கு நேரே அந்த 50,000 இருந்தது. "இது எதுக்கு?" என்றார். 99 வருடக் கணக்கைச் சொன்னேன். "அப்ப இது நிஜமாவே குறையுது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஷேவிங் மிஷின் தேய்மானத்தைக் கடைசிவரை அவர் ஒத்துக்கொள்ளவில்லை.