கிரோன் நோய்க்கு லேப்ராஸ்கோப்பி: கொஞ்சம் முன்னாடியே வாருங்கள்

"வயித்துல பை வெச்சிடுவீங்களா டாக்டர்?" குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோயோடு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். குடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவிட்டு, மலம் சேர அங்கே ஒட்டுகிற பை அது. இந்தப் பயத்திலேயே வருடக்கணக்கில் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள்.

அப்படி வந்தவர்தான் 26 வயது இளைஞர் ஒருவர். முதலில் குடல் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டிருந்தார். இரண்டு நோய்களும் சிறுகுடல் முடியும் இடத்தையே பிடிப்பதால் நம் ஊரில் இந்தக் குழப்பம் சகஜம். அப்புறம் இரண்டு வருடம் ஸ்டீராய்டு. என்னிடம் வந்தபோது எடை 41 கிலோ, விடாத வாந்தி. அவசரமாக வயிற்றைத் திறந்தோம். குடல்மேல் கொழுப்பு விரல் விரலாக ஏறிப் படர்ந்திருந்தது, பின்னால் சீழ்க்கட்டி. அந்த உடம்பில் குடலை வெட்டி இணைத்தால் தையல் தாங்காது. பைதான் வைத்தோம். எதற்குப் பயந்து தள்ளிப்போட்டாரோ, தள்ளிப்போட்டதாலேயே அது வந்தது.

இதே நோய் குடலில் சிறிது நீளத்துக்கு மட்டும் இருக்கும்போதே வந்தால் கதை வேறு. லேப்ராஸ்கோப்பியில், அதாவது கேமரா விட்டுச் செய்யும் அறுவையில், மூன்று நான்கு சிறு துளைகள், குடலை வெளியே எடுக்கத் தொப்புளருகே நாலைந்து சென்டிமீட்டர் கீறல். பெரும்பாலும் அப்போதே இணைத்துவிடலாம், பை வேண்டாம். வலி குறைவு. உள்ளே குடல் ஒட்டிக்கொள்வதும் குறைவு. மறுபடி அறுவை தேவைப்படக்கூடிய நோயில் இது பெரிய விஷயம். நடுவில் வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையாக மாற்ற நேர்ந்தால் அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள், பாதுகாப்புக்காகச் செய்வது அது.

நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் இத்தகைய 143 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி, மறு பிரிவுக்கு லேப்ராஸ்கோப்பி. 2017இல் வந்த முடிவின்படி, ஒரு வருடத்தில் இரு பிரிவினரின் வாழ்க்கைத் தரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐந்து வருடம் தாண்டிப் பார்த்தபோது ஊசி போட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் அறுவைக்கு வந்திருந்தார்கள். முதலிலேயே அறுவை செய்தவர்களில் கால்வாசிப் பேருக்குத்தான் பின்னால் அந்த வகை ஊசி தேவைப்பட்டது. அவர்களில் யாருக்கும் மறுபடி குடலை வெட்டவில்லை.

அறுவையோடு நோய் வேரோடு போய்விடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் மாதம் வாக்கில் கொலோனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டுக் குடலைப் பார்ப்பது, அவசியம். பீடி, சிகரெட் அடியோடு நிறுத்த வேண்டும். நோய் திரும்பிவர அது பெரிய காரணம். அறுவைக்கு முன் சில வாரம் கிடைத்தால் ஸ்டீராய்டைக் குறைத்து, புரதச் சத்து ஏற்றிவிடுவோம். ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

அந்த இளைஞர் நான்கு மாதம் கழித்து வந்தார். எடை 52 கிலோ. பையை எடுத்துவிட்டுக் குடலை இணைத்தோம்.