குண்டிக்காய்: சொல் விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாளையங்கோட்டைக் கறிக்கடையில் எங்கள் ஆச்சி கூசாமல் கேட்பாள்: "ஏ தம்பி, குண்டிக்காய் ரெண்டையும் நமக்கு எடுத்துப் போட்டுரு. வேற யாருக்கும் குடுத்துராத." கடைக்காரரும் கூசாமல் எடுத்துப் போடுவார். அதே சொல்லை அறிவியல் வகுப்பில் நான் சொன்னபோது பிள்ளைகள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதற்கப்புறம் நானும் 'கிட்னி' என்றே சொல்லப் பழகிவிட்டேன். இப்போது அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

குண்டிக்காய் என்றால் சிறுநீரகம். ஆட்டுக்கு மட்டும் ஆன சொல் அல்ல, மனிதருக்கும் அதே பெயர்தான். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தமிழ் விவிலியத்தின் லேவியராகமத்தில் பலிகளைச் சொல்லும் இடத்தில் 'இரண்டு குண்டிக்காய்களையும்' என்று வாசித்திருப்பார்கள். ஆனால் அதே உறுப்பின் எபிரெயப் பெயர் சங்கீதத்தில் மனிதரைப் பற்றி வரும்போது, தமிழில் அது 'உள்ளிந்திரியங்கள்' ஆகிவிடுகிறது. எபிரெயர்கள் மனத்தின் ஆழத்தை அந்த உறுப்பில் வைத்துப் பேசினார்கள். அந்த இடத்தில் குண்டிக்காய் என்று எழுத மொழிபெயர்த்தவர்களுக்குக் கை வரவில்லை போலும்.

சொல்லின் வேர் 'குண்டு'. உருண்டு திரண்டது என்று பொருள். 'காய்' அந்தத் திரட்சியைக் காட்ட வந்த ஒட்டு. தெலுங்கில் 'குண்டெ' என்றாலும் கன்னடத்தில் 'குண்டிகெ' என்றாலும் இதயம். ஒரே குடும்பத்துச் சொல், ஒரு வீட்டில் இதயத்துக்கும் இன்னொரு வீட்டில் சிறுநீரகத்துக்கும் பெயராகி நிற்கிறது. உடம்புக்குள் உருண்டையாகத் தட்டுப்பட்ட சதைத் திரளுக்கெல்லாம் இந்தப் பெயர் பொருந்தியிருக்க வேண்டும். பின்புறத்தைக் குறிக்கும் 'குண்டி'யும் இதே திரட்சியிலிருந்து வந்ததுதான். அந்தப் பொருள் மட்டும் பேச்சில் ஓங்கிவிட்டதால், உறுப்பின் பெயரைச் சொல்லவே நமக்குக் கூச்சமாகிவிட்டது என்பது என் எண்ணம்.

கூச்சம் வந்த இடத்தில் 'சிறுநீரகம்' வந்து உட்கார்ந்தது. நல்ல சொல்தான். சிறுநீர் + அகம் என்று பிரிக்க வேண்டும். சிலர் சிறு + நீரகம் என்று பிரித்து, சின்ன நீரகம் என்று எண்ணிக்கொள்கிறார்கள், அது தவறு. 'சிறுநீர்' என்பதே மறைத்துச் சொல்கிற சொல். வடமொழி 'மூத்ர' தமிழில் மூத்திரமாகப் புழங்கினாலும், சபையில் சொல்ல மனம் வராமல் சிறுநீர் என்றார்கள். நன்னூல் இதை இடக்கரடக்கல் என்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் 'ஒண்ணுக்கு வருது' என்பதும், வயசானவர்கள் 'நீர் சரியா இறங்கலை' என்பதும் அந்த வகைதான்.

சிறுநீரகம் என்ற சொல்லில் எனக்கு ஒரே ஒரு குறை. 'அகம்' என்றதும் சிறுநீர் அங்கே தங்கியிருப்பது போலத் தோன்றிவிடுகிறது. தங்குவது கீழே இருக்கிற பையில். மேலே நடப்பது வேறு வேலை. ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம் எடையுள்ள இரண்டு உறுப்புகள், முதுகுப் பக்கம், கீழ் விலா எலும்புகளை ஒட்டி இருக்கின்றன. மேலே கல்லீரல் இருப்பதால் வலப்பக்கத்தது கொஞ்சம் தாழ்ந்திருக்கும். நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் இரத்தம் இவற்றின் வழியே ஓடுகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். இவற்றுக்கு நெஃப்ரான் என்று பெயர், கிரேக்கத்தில் 'நெஃப்ரோஸ்' என்றால் குண்டிக்காய். நாள் முழுக்க இந்த வடிகட்டிகளில் இறங்கும் நீர் சுமார் 180 லிட்டர். நாம் வெளியேற்றுவதோ ஒன்றரை லிட்டர் அளவுதான். மிச்சம் எங்கே போகிறது?

தாமிரபரணியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை அணைக்கட்டுக்கு அணைக்கட்டு மறித்து, கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் என்று வயலுக்குத் திருப்புகிறார்கள். எல்லாம் திருப்பியது போக மிச்சம்தான் புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. நெஃப்ரானும் அப்படித்தான். வடிகட்டிய நீரிலிருந்து உடம்புக்கு வேண்டிய தண்ணீர், சர்க்கரை, உப்புகள் எல்லாவற்றையும் வழியிலேயே மறித்து இரத்தத்துக்குத் திருப்பிவிடுகிறது. வேண்டாத யூரியாவும் மிகுதி உப்பும் கொஞ்சம் தண்ணீரோடு கீழே போகின்றன. வெயிலில் உடம்பு வற்றினால் இன்னும் அதிகமாகத் தண்ணீரைத் திருப்பும், அதனால்தான் சித்திரையில் நீர் மஞ்சளாக, கொஞ்சமாகப் போகிறது. இது மட்டுமல்ல. இரத்த அழுத்தத்தைச் சீராக்குவதும், சிவப்பணு உண்டாக்கத் தூண்டுகிற சுரப்பைத் தருவதும், வைட்டமின் டியை உடம்புக்குப் பயன்படும்படி மாற்றுவதும் இதே குண்டிக்காயின் வேலைதான். இவ்வளவு செய்கிற உறுப்புக்கு 'சிறுநீர் அகம்' என்ற பெயர் போதாது என்றே நினைக்கிறேன்.

அங்கிருந்து கீழே வரும் பாதைக்கும் பெயர்கள் உண்டு. யூரிட்டர் என்பது சிறுநீர்நாளம், பக்கத்துக்கு ஒன்றாக 25 செ.மீ. அளவு நீளம். பிளாடர் என்பது சிறுநீர்ப்பை, 400 முதல் 500 மி.லி. வரை தாங்கும். கடைசி வழியான யூரித்ராவுக்குப் 'புறவழி' என்று எழுதுகிறார்கள். அதைக் கேட்டால் பைபாஸ் ரோடுதான் நினைவுக்கு வருகிறது. சித்த மருத்துவத்தில் புழங்கும் 'நீர்த்தாரை' எவ்வளவோ மேல். தாரை என்றால் ஒழுகி வரும் நீர், அது வரும் வழி. சொன்னதும் புரிகிறது.

இந்த நீர்த்தாரையின் நீளத்தில்தான் 'நீர்க்கடுப்பு' என்ற அடுத்த சொல்லின் கதை இருக்கிறது. ஆணுக்கு அது சுமார் 20 செ.மீ., பெண்ணுக்கு 4 செ.மீ. மட்டுமே. மலக்குடலில் வாழும் ஈ.கோலை போன்ற கிருமிகள் பெண்ணின் சிறுநீர்ப்பையை எட்ட அதிக தூரம் போக வேண்டியதில்லை. எட்டிவிட்டால் எரிச்சல், அடிக்கடி முட்டல், சொட்டுச் சொட்டாகப் போதல்.

'கடு' என்ற வேரில் கடுமை, கடுகு, கடுக்காய் எல்லாம் இருக்கின்றன. நெடுநேரம் நின்றால் கால் கடுக்கிறது. தேள் கொட்டினால் கடுக்கிறது. குத்தும், எரியும், விடாது: மூன்றையும் சேர்த்துச் சொல்ல இதை விடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'யூரின் இன்ஃபெக்ஷன்' என்பதற்கு நேரான தமிழ் நீர்க்கடுப்பு அல்ல. நீர்க்கடுப்பு நாம் உணர்கிற வேதனை, 'சிறுநீர்ப்பாதைத் தொற்று' அதற்கு ஒரு காரணம். தண்ணீர் போதாமல் நீர் செறிந்தாலும் கடுக்கும், கல் இருந்தாலும் கடுக்கும். எல்லாவற்றையும் 'சூடு' என்று ஒரே சொல்லில் போட்டுவிடுவது நம் பக்கத்து வழக்கம். அதுதான் ஆபத்து.

என் மதினி முக்கூடலில் பீடி சுற்றுகிறார். மடியில் தட்டை வைத்து உட்கார்ந்தால் ஆயிரம் பீடி முடியாமல் எழுந்திருக்க மாட்டார். எழுந்தால் வேலை கெடும் என்று தண்ணீரும் குடிப்பதில்லை, முட்டினாலும் அடக்கிக்கொள்வார். போன கோடையில் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏட்டி, ரெண்டு நாளா நீர் கடுக்குட்டி. சூடுன்னு நெனச்சு வெந்தயத்த முழுங்கிட்டுக் கெடக்கேன்" என்றார். அண்ணனிடம் சொல்லவில்லை, வெட்கமாம்.

அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். தாகம் வரும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும். நீர் வைக்கோல் நிறத்தில் போனால் போதிய தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். அடக்கி வைக்கக் கூடாது. கழுவும்போதும் துடைக்கும்போதும் முன்னிருந்து பின்னுக்கே கை போக வேண்டும். நம் ஊரில் கிடைக்கிற மோர், நீராகாரம், இளநீர், வாழைத்தண்டு, நுங்கு எல்லாம் நல்லவை. பட்டையில் வாங்கிக் குடிக்கிற பதனியும் நல்லதுதான், ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் தள்ளி வைக்க வேண்டும், அதில் இனிப்பு அதிகம். எலுமிச்சைச் சாற்றில் இருக்கும் சிட்ரேட், கல் சேர்வதைத் தடுக்க உதவும். கல் வந்தவர்கள் பயந்துகொண்டு தயிரை நிறுத்த வேண்டியதில்லை. குறைக்க வேண்டியது உப்பைத்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீட்டு வற்றலும் ஊறுகாயும் கருவாடும் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும்.

நெருஞ்சிலும் சிறுபீளையும் நீர்க்கட்டுக்கும் கல்லடைப்புக்கும் சித்த மருத்துவத்தில் பெயர் பெற்றவை. பொங்கலுக்கு வீட்டு முகப்பில் செருகுகிற பூளைப்பூவேதான் சிறுபீளை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போய்க் காட்டி, அளவு கேட்டுக் குடிப்பதுதான் முறை. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீரும் வாழைத்தண்டும்கூட ஆகாமல் போகலாம். அவற்றின் பொட்டாசியத்தை வெளியேற்ற அந்தச் சிறுநீரகத்துக்கு வலு இருக்காது. மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரை நாள்பட்டால் நல்ல சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

பழுதாவதற்குப் பெரிய காரணம் நீரிழிவு. அந்தச் சொல்லையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இதில் 'இழிவு' கேவலம் அல்ல. இழிதல் என்றால் மேலிருந்து இறங்குதல். குற்றாலத்தில் அருவி இழிகிறது என்று சொன்னால் சரியான தமிழ். நீர் இழிந்துகொண்டே இருப்பதால் நீரிழிவு. 'டயாபடீஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் ஊடே கடந்து ஓடுவது என்றுதான் பொருள்.

நீர்க்கடுப்போடு குளிர்காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, நீரில் இரத்தம், வாந்தி இவற்றில் ஒன்று சேர்ந்தாலும், கர்ப்பிணிக்கோ குழந்தைக்கோ நீர் கடுத்தாலும், வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்கக் கூடாது. மதினிக்கு அன்று மாலையே லேசாகக் குளிர் எடுத்தது. ஹைகிரவுண்ட் பக்கத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். வெளியே உட்கார்ந்திருந்தபோது "என்னான்னு சொல்ல?" என்று கேட்டார். என்னிடம் சொன்னதை அப்படியே சொல்லச் சொன்னேன். உள்ளே போய், "நீர் கடுக்கும்மா, ரெண்டு நாளா" என்றார். டாக்டரம்மா வேறொன்றும் கேட்காமல் சீட்டில் முதல் வரியாக 'டிஸ்யூரியா' என்று எழுதிவிட்டு, சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பினார். அந்தச் சொல்லைப் பிறகு பிரித்துப் பார்த்தேன். கிரேக்கத்தில் 'டிஸ்' என்றால் துன்பம், கடினம். 'ஊரோன்' என்றால் சிறுநீர்.