அப்பா கை நீட்டுவார் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்

வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் வேலை எனக்கு. இந்த வாரமும் ஒரு நர்ஸ் பிள்ளை முன்கையில் பல் தடத்தோடு வந்து நிற்கிறாள். பேஷண்டின் மகனுக்குப் போன் போட்டால், "அப்பாவுக்கு மறதி நோய் மேடம், தெரியாம கடிச்சிட்டார். இதெல்லாம் உங்க வேலைதானே?" என்கிறார். விசாரித்தால், முன்னால் வந்தவர்களும் இதே காரணத்தால்தான் வேலையை விட்டு நின்றிருக்கிறார்கள். எங்களிடம் ஆள் கேட்டபோது மட்டும் அப்பா ரொம்ப சாது!

தெரியாமல்தான் செய்கிறார், சரி. அவரை யார் குற்றம் சொன்னது? நோய்தான் காரணம் என்றால் அதைக் கவனிக்க வேண்டும். நர்ஸ் அடி வாங்கிக்கொண்டிருப்பது வைத்தியம் ஆகாது. பெரும்பாலும் அடி விழுவது டயபர் மாற்றும்போதும் குளிப்பாட்டும்போதும்தான். அவர் இடத்தில் இருந்து பாருங்கள். யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து வந்து வேட்டியை உருவுகிறாள். மூக்குக்கண்ணாடியும் இல்லை, காது மெஷினும் இல்லை. யாராக இருந்தாலும் கையை ஓங்கத்தான் செய்வார்கள். முன்பக்கமாகப் போய், "ஐயா, துணி மாத்தலாமா?" என்று கேட்டு, இடுப்பில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு ஆரம்பித்தால் பாதிச் சண்டை வராது. முரண்டு பிடித்தால் விட்டுவிட்டு அரை மணி கழித்துப் போங்கள். ஒரு நாள் குளிக்காவிட்டால் குடி முழுகிவிடாது.

நேற்றுவரை அமைதியாக இருந்தவர் திடீரென்று மூர்க்கமானால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, சிறுநீர் அடைப்பு, சோடியம் குறைவு, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று எதுவாகவும் இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். (சர்க்கரை நோயாளி என்றால் சுகரை அந்த நிமிஷமே பாருங்கள்.) தூக்க மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள், தயவுசெய்து.

நினைவு தெளிவாக இருந்தும் தனியாக இருக்கும்போது உரசும் பேஷண்ட், குடித்துவிட்டு வந்து கத்தும் மகன்... இதையெல்லாம் நோய்க் கணக்கில் எழுதாதீர்கள். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி வீடும் பணியிடம்தான். பாலியல் தொல்லை என்றால் 3 மாதத்துக்குள் மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவில் எழுதிக் கொடுக்கலாம். அவசரத்துக்கு 112 அல்லது 181.

நர்ஸ் பிள்ளைகளே, ஐடி கார்டுக் கயிறு கழுத்தில் வேண்டாம். உங்களுக்கும் கதவுக்கும் நடுவில் பேஷண்ட் இருக்கக் கூடாது. கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பு), ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இரண்டையும் கேளுங்கள்.

வீட்டுக்காரர்களே, தாத்தா வெளியே போய்விடுவார் என்று கிரில் கேட்டை வெளியில் பூட்டிவிட்டு ஆபீஸ் போகிறீர்கள். உள்ளே எங்கள் பெண்ணும்தானே இருக்கிறாள்? ஒரு சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.