ஆக்ஸிலேட்டரை விட்டால் திரும்பாத வண்டி

சேலத்துப் பிள்ளைகளுக்கு பைக் ஓட்டுவதில் கடைசிப் பரீட்சை ஏற்காடு மலைப்பாதைதான். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஆக்ஸிலேட்டரை விட்டு, கியரைக் குறைத்து, அதற்கப்புறம்தான் ஹேண்டிலைத் திருப்ப வேண்டும். நாலு தடவை ஏறி இறங்கிவிட்டால் யோசிக்கவே வேண்டாம், கை தானாகச் செய்யும். என் அக்கா மகனுக்கும் அப்படிப் பழகிய கை.

அந்தக் கையோடுதான் அவன் கோவாவில் வாட்டர் ஸ்கூட்டர் ஏறினான், பைக் மாதிரி உட்கார்ந்து தண்ணீரில் ஓட்டும் வண்டி. எதிரே ஒரு மீன்பிடிப் படகு வந்திருக்கிறது. ஊருக்கு வந்து அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மாமா, ஆக்ஸிலேட்டரை விட்டுட்டு ஹேண்டிலை முழுசா ஒடிச்சேன். திரும்பவே இல்ல மாமா. நேராப் போயிட்டே இருக்கு." படகுக்காரர் சட்டென்று ஒதுக்கியதால் தப்பித்தான். கரைக்கு வந்ததும் நின்றிருந்தவர்களெல்லாம் திட்டித் தீர்த்தார்களாம். பணத்திமிர், சாகசம் காட்டுகிறான், அடுத்தவன் உயிரைப் பற்றிக் கவலை இல்லை என்று. உண்மையில் அவன் பயந்துபோய், தனக்குத் தெரிந்த பாதுகாப்பான காரியத்தைச் செய்தவன். நிலத்தில் உயிரைக் காப்பாற்றும் பழக்கம் தண்ணீரில் ஏன் அவனைக் கைவிட்டது?

வயலில் மோட்டார் போட்டவுடன் ஓஸ் பைப் பாம்பு மாதிரி துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் முன்னால் பாய, பைப் பின்னால் உதைக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. வாட்டர் ஸ்கூட்டர் இந்த உதையிலேயே ஓடும் வண்டி. அதன் அடிவயிற்றில் கம்பி வலை போட்ட ஒரு வாய் உண்டு. உள்ளே சுழலும் விசிறி அந்த வாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கம் குறுகலான குழாய் வழியாகப் பீய்ச்சுகிறது. தண்ணீர் பின்னால் போக, வண்டி முன்னால் போகிறது. சாதாரண மோட்டார் படகில் வெளியே தெரியும் காற்றாடி இதில் இல்லை.

பெரும்பாலான வாட்டர் ஸ்கூட்டர்களில் சுக்கானும் இல்லை. ஹேண்டிலைத் திருப்பினால் பின்னாலிருக்கும் குழாயின் முனை இடமோ வலமோ அசையும். பாயும் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் வண்டியின் வால் தள்ளப்படும், மூக்கு திரும்பும். ஆக, வண்டியைத் திருப்புவது பீய்ச்சும் தண்ணீர். ஆக்ஸிலேட்டரை விட்டால் விசிறி தளரும், தாரை ஓயும், குழாய் முனை எந்தப் பக்கம் பார்த்தாலும் தள்ளுவதற்கு ஒன்றும் இருக்காது. வண்டியின் எடையும் வேகமும் அதை நேராக இழுத்துக்கொண்டு போகும். சாலையில் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் திருப்புகிறது. தண்ணீரில் அந்தப் பிடிமானத்தை எஞ்சின்தான் நொடிக்கு நொடி உண்டாக்கித் தர வேண்டும்.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர். பயந்து திகைக்கும் ஒரு நொடியிலேயே ஒரு பேருந்தின் நீளத்துக்கு மேல் கடந்துவிடும். அதற்கப்புறமும் பல மீட்டர் தூரம் திரும்பாமல் சறுக்கும். எதிரே ஏதாவது வந்தால் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தபடியே திருப்புவதுதான் வழி. ஏற்காடு பாதை கற்றுத் தந்ததற்கு நேர் எதிர். இதை வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஒருவர் இரண்டு நிமிடம் சொல்லிக் கொடுத்திருந்தால் போதும். அவனுக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

இதில் ஒரு வரலாறும் இருக்கிறது. இந்த வண்டியை 1960-களில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் க்ளேட்டன் ஜேக்கப்சன், அமெரிக்க மோட்டோகிராஸ் பைக் பந்தய வீரர். 1968-இல் பம்பார்டியர் நிறுவனம் ஸீ-டூ என்ற வாட்டர் ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. 1973-இல் கவாசாகி சந்தைக்குக் கொண்டுவந்த வண்டியின் பெயர்தான் ஜெட் ஸ்கி, பிறகு அது எல்லா நிறுவனத்து வண்டிக்கும் பொதுப்பெயராகிவிட்டது. பைக்காரர் மனதில் பிறந்ததால் பைக்கின் ஹேண்டிலும் கூடவே வந்தது. உட்காருபவரும் பைக் என்றே நம்பிவிடுகிறார். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ஓரளவு திரும்ப உதவும் ஏற்பாடுகள் பின்னாளில் வந்தன. 2009-இல் ஸீ-டூ பிரேக்கும் வைத்தது, தாரையை முன்பக்கமாகத் திருப்பிவிடும் ஒரு வாளி போன்ற அமைப்பு அது. வாடகைக்குக் கிடைக்கும் வண்டியில் இவை இருக்கின்றனவா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். ஓட்டுபவரின் மணிக்கட்டில் மாட்டும் சுருள் கயிற்றையும் தவிர்க்காதீர்கள். அவர் விழுந்தால் கயிறு உருவிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும்.

இனி, கரையில் நின்று திட்டியவர்களின் பக்கம். அவர்கள் எரிச்சலிலும் நியாயம் இருக்கிறது, அதற்கும் இயற்பியல் காரணம் உண்டு.

கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை பக்கம் விசைத்தறி ஓடும் வீடுகளில் குழந்தைகள் அந்தச் சத்தத்திலேயே தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் விழித்துக்கொள்ளும். மாறாத சத்தத்தை மூளை ஒதுக்கிவிடுகிறது, மாறும் சத்தத்தை விடாமல் கவனிக்கிறது. வாட்டர் ஸ்கூட்டர் நேராக ஓடிக் கடந்துபோவதில்லை, ஒரே இடத்தில் சுற்றுகிறது. அலை மேல் துள்ளும்போது அதன் வாய் தண்ணீரைவிட்டு வெளியே வரும், விசிறிக்குச் சுமை குறைந்து எஞ்சின் அலறும், விழுந்ததும் உறுமும். இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காது பழகுவதே இல்லை. இரைச்சல் அளவில் அதே அளவுள்ள ஒரு மோட்டார் படகு மறந்துபோகும், இது மறக்காது.

ஏரி அதை இன்னும் பெரிதாக்கும். ஏற்காடு ஏரிக்கரையில் விடிகாலையில் நின்றால் எதிர்க்கரையில் பேசுவது பக்கத்தில் பேசுவதுபோலக் கேட்கும். இரவெல்லாம் குளிர்ந்த தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்றும் குளிர்ந்திருக்கும், அதற்கு மேலே இருப்பது சற்று வெதுவெதுப்பான காற்று. ஒலி வெப்பக் காற்றில் வேகமாகப் போகும். அதனால் மேல்நோக்கிக் கிளம்பும் ஒலியும் வளைந்து கீழே தண்ணீரை நோக்கியே திரும்புகிறது. சமமான நீர்ப்பரப்பு அதை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகிறது. நிலத்தில் அடங்கிப்போகும் சத்தம் ஏரியில் கரை தாண்டும். மலைகள் சூழ்ந்த அந்தச் சிறிய ஏரியில் மிதிபடகும் துடுப்புப் படகும் ஓடுவதே அழகு என்பது என் கருத்து.

அலை விஷயத்தில்தான் நல்ல எண்ணமுள்ள ஓட்டுநர்கூட ஏமாந்துபோகிறார். மெதுவாகப் போகும்போது வண்டி தண்ணீரை விலக்கிக்கொண்டு மிதக்கிறது, அலை சிறியது. மிக வேகமாகப் போகும்போது தண்ணீரின் மேல் ஏறிச் சறுக்குகிறது, அப்போதும் அலை ஓரளவு குறைவு. இரண்டுக்கும் நடுவில் மூக்கைத் தூக்கிக்கொண்டு, வால் புதைந்து உழுதுகொண்டு போகும் வேகம் ஒன்று இருக்கிறது. அலை மிகப் பெரியதாக எழுவது அங்கேதான். பக்கத்தில் படகைப் பார்த்து மரியாதைக்குப் பாதி வேகம் குறைப்பவர் பெரிய அலையைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அது சுமக்கும் ஆற்றல் நான்கு மடங்கு. வேகத்தைக் குறைப்பதானால் தூரத்திலேயே, மூக்கு முழுவதும் தாழும் வரை குறைக்க வேண்டும்.

கன்னங்குறிச்சி மூக்கனேரியில் மண் திட்டுகள் அமைத்து மரம் வைத்து வளர்த்தார்கள். பறவைகள் வந்து தங்குகின்றன. அந்த மாதிரித் திட்டின் ஓரத்தில் மண்ணைக் கரைக்க இப்படிப்பட்ட அலைகள் நாளுக்குப் பத்து போதும். அத்தகைய ஏரிகளில் வேகப் படகே வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன். மேட்டூர் அணை நீர்ப்பரப்பு பெரிதாயிற்றே என்று கேட்கலாம். நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதை ஊரே போய்ப் பார்க்கிறது. வெளியே தெரியாத நாட்களில் அவை தண்ணீருக்குள் அங்கேயேதான் இருக்கின்றன. தண்ணீரை அறியாதவர் அங்கே வேகமாக ஓட்ட என்ன இருக்கிறது?

நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, சாலைப் பழக்கம் இங்கேயும் காலை வாரும். நம் சாலையில் எதிரே வண்டி வந்தால் இடப்பக்கம் ஒதுங்குவோம். 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி இரண்டு இயந்திரப் படகுகள் நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு நீங்கள் வழிவிட வேண்டும். முந்துபவர்தான் விலகிப் போக வேண்டும்.

லைஃப் ஜாக்கெட் பற்றி ஒன்றே ஒன்று. தண்ணீரில் மனித உடலின் பெரும்பாலான எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. முகத்தை மேலே வைத்திருக்கச் சில கிலோ மிதப்பு கூடுதலாக இருந்தால் போதும், ஜாக்கெட் அதைத் தாராளமாகத் தரும். ஆனால் பட்டையைப் பூட்டாமல் தோளில் தொங்கவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மட்டும் மேலே எழும்பும், ஆள் கீழே நழுவுவார்.

போன மாதம் அக்கா மகனைப் பூலாம்பட்டிக்கு அழைத்துப் போனேன். நெரிஞ்சிப்பேட்டைக்குப் போகும் விசைப்படகில் காவிரியைக் கடந்தோம். நடு ஆற்றில், வெகு தூரத்தில் ஒரு பரிசல், வட்டமாக, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே விளிம்பு. எங்கள் படகோட்டி அப்போதே எஞ்சினைத் தணித்துவிட்டார். படகின் மூக்கு தாழ்ந்து, பின்னால் வந்த அலை எங்களையே ஒரு முறை தூக்கி இறக்கிவிட்டு முன்னால் போய்க் கரைந்தது. பரிசலைத் தாண்டிய பிறகும் நிதானமாகவே போனார். "இவ்வளவு முன்னாடியே ஏன்ணா ஸ்லோ பண்ணீங்க?" என்று இவன் கேட்டான். "அவன் மீன் பிடிச்சிட்டு நிக்கிறான் தம்பி. நம்ம அலை நமக்கு முன்னாடி அவன்கிட்டப் போயிரும்" என்றார் அவர், ஆற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.