கோர்வேரில் விடுபட்ட கம்பி

1959 இறுதியில் அமெரிக்காவில் செவர்லே நிறுவனம் கோர்வேர் என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சின், அதுவும் பின்பக்கத்தில். மொத்த எடையில் 60 சதவீதத்துக்கும் மேல் பின்சக்கரங்களின் தலையில்தான். முன்பக்கம் ஆன்ட்டி ரோல் பார் என்ற கம்பி ஒன்று இருந்தால் நல்லது என்று தெரிந்தும், செலவைக் குறைக்க அதை விட்டுவிட்டார்கள். பதிலுக்கு, முன் டயருக்கு 15 பிஎஸ்ஐ, பின் டயருக்கு 26 பிஎஸ்ஐ காற்று அடிக்கச் சொன்னார்கள். காற்றடிக்கப் போகும்போது நாலு டயருக்கும் ஒரே அளவைச் சொல்வதுதானே மனித சுபாவம்?

வளைவுகளில் சில கார்களின் பின்பக்கம் வழுக்கிச் சுழன்றது. வழக்குகள் குவிந்தன. 1965-இல் கார் பாதுகாப்பு பற்றி ரால்ஃப் நேடர் என்ற வழக்கறிஞர் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே கோர்வேர்தான். சரி, முன்னால் இல்லாத கம்பிக்கும் பின்னால் வழுக்குவதற்கும் என்ன சம்பந்தம்?

கம்பி எளிமையானது. ‘ப’ வடிவில் வளைத்த உருக்குக் கம்பி. நடுப்பகுதி காரின் குறுக்கே கிடக்கும். புஷ் எனப்படும் ரப்பர் வளையங்கள் அதைப் பாடியோடு பிடித்திருக்கும். இரண்டு கைகளும் லிங்க் ராடு வழியாக இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனோடு சேரும். நம்மூர் மெக்கானிக்குகள் ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், அவ்வளவுதான். வளைவில் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்பினால் ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை எதிர்க்கும் விறைப்புதான் காரைச் சாயவிடாமல் பிடிக்கிறது. ஸ்பிரிங்கை விறைப்பாக்கினாலும் சாய்வு குறையும்தான். ஆனால் நேர்சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் முதுகெலும்பில் தெரியும்.

சாய்வு குறைந்தால் டயரின் பிடிப்பு கூடும் என்று இதிலிருந்து பலர் முடிவுகட்டி விடுகிறார்கள். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 1000 கிலோ எடையுள்ள கார். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில். இடது வலது டயர்களுக்கு நடுவே 1.4 மீட்டர். காரின் எடையில் பாதி அளவுக்குப் பக்கவாட்டு விசை வரும்படி ஒரு வளைவில் திரும்பினால், உள்பக்க டயர்களிலிருந்து ஏறக்குறைய 180 கிலோ சுமை வெளிப்பக்க டயர்களுக்குப் போய்விடும். இந்தக் கணக்கில் எடை, உயரம், அகலம், விசை, இந்த நான்கும்தான் வருகின்றன. ஸ்பிரிங்கும் கம்பியும் எங்கேயும் இல்லை. கார் சாயும்போது ஈர்ப்பு மையம் கொஞ்சம் நகரும், அது சில்லறைத் தொகை. எவ்வளவு தடித்த கம்பியைப் போட்டாலும் அந்த 180 கிலோ போயே தீரும். அதில் எவ்வளவு முன் டயர்களுக்கு இடையே, எவ்வளவு பின் டயர்களுக்கு இடையே மாறுகிறது என்ற பாகப்பிரிவினைதான் கம்பியின் கையில் இருக்கிறது. முன், பின் இரண்டில் எந்த முனை விறைப்போ அந்த முனைக்குப் பங்கு அதிகம்.

பங்கு அதிகமானால் என்ன? இங்கே டயரின் ஒரு குணம் குறுக்கே வருகிறது. சுமை இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்காகாது. விளங்குவதற்காக எண்களை நானே வைக்கிறேன்: 300 கிலோ சுமைக்கு 300 அளவு பிடிப்பு, 400-க்கு 380, 200-க்கு 210, 500-க்கு 450, 100-க்கு 110. இரண்டு டயரிலும் 300 இருந்தால் மொத்தப் பிடிப்பு 600. 200, 400 என்று பிரிந்தால் 590. 100, 500 என்றால் 560-தான். மொத்த எடை 600 கிலோவிலிருந்து இம்மியும் மாறவில்லை, பிடிப்பு மட்டும் கரைகிறது. அப்படியானால் விறைப்பான கம்பி தான் இருக்கும் முனையின் பிடிப்பைக் குறைக்கிறது. மறுமுனைக்கு அதனால் லாபம்.

கோர்வேரில் பின்முனைக்கு ஏற்கெனவே எடை அதிகம். அதன் பின் அச்சுத் தண்டுகளுக்குக் காரின் நடுப்பக்க முனையில் மட்டும்தான் மூட்டு, சக்கரத்தருகே இல்லை. சுமை மாற்றத்தில் பெரும்பங்கை அந்த அமைப்பே பின்பக்கம் இழுத்துக்கொள்ளும். வளைவு கடுமையானால் வெளிப்பக்கச் சக்கரம் காருக்கு அடியில் மடங்கவும் பார்க்கும். முன்னால் ஒரு கம்பி இருந்திருந்தால் அந்தப் பங்கில் ஒரு பகுதியைத் தன் பக்கம் வாங்கியிருக்கும். முன் டயரில் காற்றைக் குறைக்கச் சொன்னதும் முன்முனையின் பிடிப்பைக் குறைக்கத்தான். முன் டயர் முதலில் வழுக்கினால் கார் நினைத்த அளவு திரும்பாமல் வெளியே விலகும். பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பின் டயர் முதலில் வழுக்கினால், காலை எடுப்பதே கேடு. 1964 மாடலில் முன் கம்பி எல்லாக் காரிலும் வந்தது; பின்னால் குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கும் சேர்ந்தது. 1960 முதல் 1963 வரை வந்த கார்களும் அந்தக் காலத்து மற்ற கார்களைவிட மோசமில்லை என்று 1972-இல் அரசு ஆய்வு ஒன்று சொன்னது. அதற்குள் கார் உற்பத்தியே நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது.

கம்பியை மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 20 மில்லிமீட்டருக்குப் பதில் 22 போட்டால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, விறைப்போ 46 சதவீதம் கூடியிருக்கும். மேலும் கம்பி விறைக்க விறைக்க, ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் மறுபக்கச் சக்கரத்துக்கும் அது தெரிந்துவிடும். கார் தலையாட்டி பொம்மைபோல் ஆடும். பாறைமேல் ஏறும் ஜீப் ரேங்க்ளர் ரூபிகானில் முன் கம்பியைக் கழற்றிவிட ஒரு பொத்தானே வைத்திருக்கிறார்கள்.

பழைய ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ வளைவில் பின்பக்க உள்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, நாய் மின்கம்பத்தருகே நிற்பதுபோல் போகும் படங்களைப் பார்த்திருக்கலாம். அது கோளாறல்ல. முன்சக்கரம் இழுக்கும் காரில் முன் டயர்கள்தான் திருப்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். அதனால் பின்பக்கத்தை விறைப்பாக்கி, சுமை மாற்றத்தை அங்கே தள்ளியிருக்கிறார்கள். சக்கரம் தரையை விட்ட அந்த நொடியோடு பின்பக்கம் கொடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அதற்கு மேல் மாற வேண்டிய ஒவ்வொரு கிலோவும் முன் டயர்களுக்குத்தான்.