சிறிய அட்டை ஓவியங்களை அலட்சியப்படுத்தாதீர்கள்

ஓவியங்களைச் சீரமைப்பது என் தொழில். பெரிய கேன்வாஸ் என்றால் துணி சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவருவார்கள். அட்டையில் தீட்டிய சிறிய எண்ணெய் ஓவியங்களோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டாக வரும். "ஏதோ பயிற்சிக்கு வரைந்தது" என்பார்கள். அவர்களிடம் நான் யான் ஸ்தானிஸ்வாவ்ஸ்கியைப் பற்றிச் சொல்வது வழக்கம்.

1860இல் உக்ரைனில் பிறந்த போலந்து ஓவியர் அவர். போலந்து அப்போது ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்றுக்கும் பங்கு போடப்பட்டிருந்தது. வார்சாவில் கணிதம் படித்தவர், ஓவியத்துக்கு மாறி பாரிஸ் வரை போனார். பெர்லினில் போலந்து ஓவியர்கள் ஃபாவாத்தும் கொஸ்ஸாக்கும் உருவாக்கிய, பார்ப்பவரைச் சுற்றி வட்டமாக நிற்கும் 'பெரெசினா' என்ற மாபெரும் கேன்வாஸ் ஓவியத்தில் நிலக்காட்சிப் பகுதிகளிலும் உழைத்தார். அவ்வளவு பெரிய பரப்பில் கைபழகியவர் தமக்கென்று தேர்ந்துகொண்டதோ சிறு அட்டைகளும் மரப்பலகைகளும். இயலாமையால் அல்ல, விரும்பியே சிறிதாக வரைந்தார் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அவர் வரைந்தவை உக்ரைனின் தேனீக் கூடுகள், முட்செடிகள், நீரோரப் பாப்லர் மரங்கள், மேகம். மனிதர்கள் அரிது. சில்லறை விவரங்களைத் தள்ளிவிட்டு, தடித்த வண்ணத் தீற்றல்களில் ஒரு பொழுதின் ஒளியைப் பிடித்துவிடுவார். 1897 முதல் கிராகோவ் ஓவியப் பள்ளியில் நிலக்காட்சி கற்பித்தார். மாணவர்களை டினியெத்ஸ், ஸகொபானே போன்ற ஊர்களுக்கு வெளியே அழைத்துப்போய் வரையவைத்தார். கமோட்ஸ்கி, ஃபிலிப்கியேவிச் போன்ற ஓவியர்கள் அப்படி உருவானவர்கள். 1907இல் மறைந்தார்.

இத்தகைய படங்களில் வண்ணத்தின் மேடுபள்ளமே பாதி ஓவியம். அடுக்கி வைத்தால் மேடுகள் நசுங்கிவிடும். அதை மீட்க என்னாலும் முடியாது. அடிப்பூச்சு இல்லாத அட்டை எண்ணெயை உறிஞ்சுவதால் நிறம் மங்கலாகத் தெரியும். மங்கிவிட்டதாக நினைத்து நீங்களே வார்னிஷ் பூசினால் நிறங்கள் கறுத்து, ஓவியர் வைத்த ஒளி போய்விடும். தயவுசெய்து பூசாதீர்கள். அட்டை ஈரத்தைக் குடித்து வளையும். மழைக்காலத்தில் வீட்டின் வெளிச்சுவரில், அதன் உள்பக்கத்தில்கூட, மாட்ட வேண்டாம். சட்டமிடும்போது கண்ணாடி வண்ணத்தைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். பின்பக்கத்துக்கு அமிலமற்ற அட்டை கேளுங்கள்.

மூலை நைந்திருந்தாலும் ஓரத்தை வெட்டிச் சமப்படுத்த வேண்டாம். கையொப்பம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.